வெண்பா எங்கே தட்டுகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வெண்பா எழுதி வாய்விட்டுப் படிக்கும்போது எங்கோ இடிக்கும். எங்கே என்று தெரியாது. தெரியாததால் முழுப்பாட்டையும் கலைத்துப் போட்டு மறுபடி எழுதத் தோன்றும். அதைச் செய்ய வேண்டாம். நான்கடி நேரிசை வெண்பாவில் 15 சீர்கள் (அடியின் துண்டுகள்), அவற்றுக்கிடையே 14 இணைப்புகள் (தளைகள்). பிழை பெரும்பாலும் அந்த இணைப்புகளில்தான் இருக்கும். எந்த இணைப்பு என்று கண்டுபிடித்துவிட்டால் ஒரு சொல்லை மாற்றினாலே போதும்.

பழுது பார்க்க ஒரு பாட்டு வேண்டும். வேண்டுமென்றே கெடுத்து எழுதியது இது:

காலையில் கடையில் கருந்தேநீர் கையேந்தி
வேலைக்கு விரைந்து போகிறவரும் – சாலையில்
மழை பெய்ததால் ஒதுங்கி மௌனமாய் நின்றார்
அழைத்தது அலைபேசி அங்கே

எதுகை இருக்கிறது, கருத்தும் இருக்கிறது. ஆனால் இது வெண்பா இல்லை.

முதலில் கையில் வேண்டிய கருவி

சீரை இடமிருந்து வலமாக அசைகளாக வெட்டுங்கள். நெடில் வந்தால் அங்கேயே வெட்டு: நேரசை. குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அது ஒற்று என்றால் குறிலும் ஒற்றும் சேர்ந்து நேர். அது குறிலோ நெடிலோ என்றால் இரண்டும் சேர்ந்து நிரை. பின்னால் ஒட்டி வரும் ஒற்று முந்தைய அசையோடு போய்விடும்; ஒற்றுக்குத் தனிக் கணக்கு இல்லை. துணைக்கு ஆளில்லாமல் சீரின் கடைசியில் நிற்கும் குறில் நேர். ஆக, கடையில் = கடை/யில் (நிரை நேர்), கருந்தேநீர் = கருந்/தே/நீர் (நிரை நேர் நேர்).

ஈரசையில் நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். இவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய், நிரை சேர்ந்தால் கனி. வெண்பாவுக்கான விதி (வெண்டளை) ஒரே வரி: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் (‘மாமுன்’ என்றால் மாவை அடுத்து). கனிக்கு இடமே இல்லை.

இதை மனப்பாடம் செய்யாமல் வெண்பா பழுது பார்ப்பது ஸ்பேனர் இல்லாமல் சைக்கிள் கடை வைப்பது போல.

அறிகுறி: முதல் இரண்டு சீரிலேயே நடை தடுக்குகிறது

‘காலையில் கடையில்’. காலையில் என்பதை கா/லையில் என்று வெட்டினால் கூவிளம். விளத்துக்குப் பின் நேர் வரவேண்டும், ‘கடை’ நிரை. பிழை.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: ‘லை’ ஐகாரம் ஆயிற்றே, நெடில் இல்லையா? சொல்லின் முதலில் வந்தால் நெடில். இடையிலும் கடைசியிலும் வந்தால் குறுகிக் குறில்போல நடக்கும், இதுதான் ஐகாரக்குறுக்கம். அன்னையிடம் என்பதை அன்/னையி/டம் என்று வெட்டினால் கூவிளங்காய், வெண்பாவில் வரலாம். ‘னை’யை நெடிலாக வைத்து அன்/னை/யிடம் என்று வெட்டினால் தேமாங்கனி ஆகி வெளியே போய்விடும். பலர் நல்ல சீரைக் கெட்ட சீர் என்று தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான்.

நம் பாட்டில் அந்தச் சலுகையும் உதவாது. ‘லை’யை நெடிலாகவே வைத்துக்கொண்டாலும் கா/லை/யில் தேமாங்காய், காய்முன் நிரை வந்தால் கலித்தளை, வெண்பாவில் ஆகாது. எந்த வழியாகப் போனாலும் முட்டுச்சந்து. உருபைக் கழற்றுங்கள்: ‘காலைக் கடையில்’. தேமாவின் பின் நிரை, சரி. ஒரே மூச்சில் இரண்டு ‘இல்’ வந்த அலுப்பும் போயிற்று.

அறிகுறி: அடிக்குள் சரி, அடி மாறும்போது விழுகிறது

தளை அடியோடு முடிந்துவிடுவதில்லை. முதலடியின் நாலாம் சீருக்கும் இரண்டாம் அடியின் முதல் சீருக்கும் இடையிலும் அதே விதிதான். தனிச்சொல்லுக்கு (இரண்டாம் அடியில் கோட்டுக்குப் பின் நிற்கும் சீர்) முன்னும் பின்னும்கூட. நம் பாட்டில் ‘சாலையில்’ விளம், அடுத்த அடி ‘மழை’ என்று நிரையில் தொடங்குகிறது: பிழை. ‘சாலை’ என்று வெட்டிவிட்டால் தேமாவின் பின் நிரை. ஒரு கோடு, ஒரு அடி மாற்றம் என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் காதுக்குத் தெரியாது. நான்கடியையும் ஒரே வரியாக எழுதிவைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தப்பவே தப்பாது.

அறிகுறி: ஒரு சீர் மட்டும் வாயில் நிரம்பி வழிகிறது

போ/கிற/வரும்: நேர் நிரை நிரை, கூவிளங்கனி. இன்றைய பேச்சு வினைகளில் பாதி இப்படித்தான் கனியாகவோ நாலசையாகவோ வந்து நிற்கும். ‘போய்விட்டது’ தேமாங்கனி. ‘வந்துவிட்டது’ கூவிளங்கனி. ‘வந்திருக்கிறது’ வந்/திருக்/கிற/து என்று நாலசை. துணைவினையைக் கழற்றினால் தீரும். ‘போனது’ கூவிளம், ‘போயிற்று’ தேமாங்காய், ‘வந்தது’ கூவிளம். எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை முன்சீர் சொல்லும்.

இரண்டாம் அடியில் இன்னொரு பிழையும் உண்டு. ‘வேலைக்கு’ தேமாங்காய், பின்னால் ‘விரைந்து’ என்று நிரை வருகிறது. சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள்: ‘வேலைக்குப் போக விரைவோரும்’. காய்முன் நேர் (போ), மாமுன் நிரை (விரை). கனியும் ஒழிந்தது. கூடவே மோனை தானாக மூன்றாம் சீரில் வந்து உட்கார்ந்துகொண்டது. புதுச்சொல் தேடுவதற்கு முன் இருக்கிற சொற்களை இடம் மாற்றிப் பார்ப்பது எப்போதும் மலிவான வைத்தியம்.

அறிகுறி: எண்ணினால் அடியில் ஐந்து சீர்

மழை, பெய்ததால், ஒதுங்கி, மௌனமாய், நின்றார். ஐந்து. ‘மழைபெய்ததால்’ என்று சேர்த்து எழுதி நாலாக்கப் பார்ப்பார்கள். மழை/பெய்/ததால், புளிமாங்கனி. இடைவெளியை அழித்தால் சீர் குறையும், அசை குறையாது. யாப்பு சோதிக்கும் மென்பொருளும் நீங்கள் விட்ட இடைவெளியைத்தான் சீரின் எல்லையாக எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்; ‘நாலு சீர்’ என்று அது சொன்னால் நீங்கள் நாலு துண்டு கொடுத்தீர்கள் என்பது மட்டுமே பொருள்.

காரணம் சொல்லும் ‘ததால்’ உரைநடையின் சாமான். நான்காம் வேற்றுமையே போதும்: ‘மழைக்குச் சிறிதொதுங்கி’. சிறிது + ஒதுங்கி, குற்றியலுகரம் உயிரின் முன் மறைந்து சிறி/தொதுங்/கி, கருவிளங்காய். இதையே பிரித்து ‘சிறிது ஒதுங்கி’ என்று எழுதினால் மறுபடி ஐந்து சீர். அடுத்து மௌனமாய் (மௌ/னமாய், கூவிளம்), காய்முன் நேர் சரி. ‘நிற்பார்’ தேமா, விளமுன் நேர் சரி.

அறிகுறி: எழுதியபடி தளை தட்டுகிறது, சேர்த்துப் படித்தால் பொருள் தட்டுகிறது

‘அழைத்தது அலைபேசி’ என்று எழுதியபடி பார்த்தால் கருவிளத்தின் பின் நிரை, பிழை. புணர்ச்சி செய்தால் ‘அழைத்த தலைபேசி’. புளிமாவின் பின் நிரை, தளை பழுதில்லை. ஆனால் அலைபேசி தலைபேசி ஆகிவிட்டது. சபையில் படித்தால் சிரிப்பார்கள்.

குற்றியலுகரத்தின் பின் உயிர் வந்தால் புணர்த்தித்தான் அலகிட (அசை பிரிக்க) வேண்டும். புணர்த்திய வடிவத்தைக் காதால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். மெய் தொற்றி வேறு சொல்லாகிவிடும் சொற்கள் தமிழில் ஏராளம். உகரத்தையே தவிர்த்தால் வம்பில்லை: ‘அழைக்கும் அலைபேசி’. புளிமா, புளிமாங்காய். மகர ஒற்றின் பின் வருவதால் அலை அலையாகவே இருக்கிறது.

இதன் உறவுக்காரர் குற்றியலிகரம். குறளில் ‘குழலினி தியாழினி’ என்று வருவதை அப்படியே வெட்டினால் தியா/ழினி, நிரையில் தொடங்கும்; கருவிளத்தின் பின் அது பிழை. அங்கே இகரத்துக்கு அலகு இல்லை. யா/ழினி என்று கொண்டால் விளமுன் நேர்.

அறிகுறி: முடிவு தொங்குகிறது

‘அங்கே’ தேமா. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். வான் (நாள்), மழை (மலர்), காற்று (காசு), உலகு (பிறப்பு). காசும் பிறப்பும் குற்றியலுகரத்தில் முடியும், முற்றியலுகரம் சிறுபான்மை. ‘வானம்’ என்று முடித்தால் மாச்சீர். கதவைச் சாத்தாமல் போனது போல இருக்கும்.

எந்த வாய்பாடு என்பதை ஈற்றயற்சீர் (கடைசிக்கு முந்தைய சீர்) தீர்மானிக்கிறது. அது மா என்றால் மலர் அல்லது பிறப்பு. விளமோ காயோ என்றால் நாள் அல்லது காசு. நமக்கு ‘அலைபேசி’ காய், ஆகவே நேரில் தொடங்கும் நாள் அல்லது காசு வேண்டும். ‘அங்கே’யை ‘ஆங்கு’ ஆக்கினால் காசு, இலக்கணப்படி முடிந்தது. ஆனால் அது முட்டுச்சொல். எடுத்துவிட்டால் பொருளில் ஒன்றும் குறையவில்லையே! ‘ஆர்த்து’ என்று போடுங்கள். அதுவும் காசு, அதே அகர மோனை; மேலடியின் மௌனத்துக்கு எதிரே ஓசையும் வந்துவிட்டது. ஈற்றுச்சீரை முதலிலேயே முடிவு செய்துகொண்டு பின்னோக்கி எழுதுகிறவர்களுக்கு இந்தத் திண்டாட்டம் குறைவு.

அறிகுறி: எல்லாம் சரி, கேட்பவர் முகம் மாறுகிறது

‘கருந்தேநீர் கையேந்தி’. தளை பழுதில்லை, மோனையும் உண்டு. ஆனால் கையேந்துவது என்றால் பிச்சை கேட்பது. ‘கைப்பிடித்து’ என்று மாற்றினாலும் தளை நிற்கும். தேநீரோடு கல்யாணம் முடிந்துவிடும். ‘கைக்கொண்டு’ என்றால் தேமாங்காய், பின்னால் ‘வே’ நேர், பொருளும் நேர். இந்த வகைப் பிழையை வாய்பாடும் சொல்லாது, மென்பொருளும் சொல்லாது. பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக்காட்டுவதுதான் சோதனை.

இப்போது பாட்டு:

காலைக் கடையில் கருந்தேநீர் கைக்கொண்டு
வேலைக்குப் போக விரைவோரும் – சாலை
மழைக்குச் சிறிதொதுங்கி மௌனமாய் நிற்பார்
அழைக்கும் அலைபேசி ஆர்த்து.

வாய்பாடு: தேமா, புளிமா, புளிமாங்காய், தேமாங்காய், தேமாங்காய், தேமா, புளிமாங்காய், தேமா, புளிமா, கருவிளங்காய், கூவிளம், தேமா, புளிமா, புளிமாங்காய், காசு. ‘சாலை மழை’ இன்னும் கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. லகர எதுகையில், நெடிலில் தொடங்கி, பின்வரும் மழையோடு ஒட்டும் ஈரசைச் சொல் வேறு கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: எதுகை மோனை போட்டும் காதில் விழவில்லை

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். கட்டு, பட்டு எதுகை. கட்டு, பாட்டு எதுகையாகாது. ஒன்று குறில், மற்றது நெடில். மேலே காலை, வேலை, சாலை மூன்றும் நெடிலில் தொடங்குவதைப் பாருங்கள். நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லும் முதலிரண்டு அடியின் எதுகையைப் பெறவேண்டும். பின்னிரண்டு அடிக்கு வேறு எதுகை வைக்கலாம் (இருவிகற்பம்), அதையே தொடரவும் செய்யலாம் (ஒருவிகற்பம்). தனிச்சொல்லே வேண்டாமென்றால் அது இன்னிசை வெண்பா. பெயரை மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

மோனையில் நடக்கும் ஏமாற்றம் வேறு. மெய் ஒன்றாக இருந்தால் மோனை என்று நினைத்து ‘கடல்’ என்பதற்குக் ‘கிளி’யைப் போடுவார்கள். ஒலிக்காது. உயிரும் இனமாக வேண்டும்: அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம், இ, ஈ, எ, ஏ ஒரு குடும்பம், உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம். க-வுக்கு கா, கை, கௌ. கி-க்கு கீ, கெ, கே. மெய்யில் ச-த, ஞ-ந, ம-வ ஆகியவை தமக்குள் மோனையாகும். வைக்க நல்ல இடம் முதல் சீரும் மூன்றாம் சீரும் (பொழிப்பு மோனை).

அறிகுறி: சொல் இரண்டு சீராக உடைகிறது

வகையுளி. குற்றமில்லை, பாட்டில் ஓரிடம் வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அடிக்கு ஒன்று வந்தால் வாசகர் பொருளை ஒட்டவைத்துக்கொண்டே வரவேண்டியிருக்கும். பெயர்ச்சொல்லை உடைப்பதைவிட விகுதியை உடைப்பது மேல்.

அறிகுறி: ஒரே ஓர் எழுத்து குறைகிறது, வேறு சொல்லும் கிடைக்கவில்லை

பழையவர்கள் இதற்கு வைத்திருந்த மருந்து அளபெடை (நெடிலை நீட்ட அதன் இனக் குறிலைப் பக்கத்தில் எழுதுவது). குறள் 653, ‘ஓஒதல் வேண்டும்’ என்று தொடங்குகிறது. ‘ஓதல்’ என்று வைத்தால் தேமாவின் பின் நேர் (வேண்), ஆசிரியத்தளை. ‘ஓஒதல்’ என்றால் ஓ/ஒதல், கூவிளம், விளமுன் நேர். அந்தச் சின்ன ஒகரம் அங்கே அழகுக்கு இல்லை, முட்டுக் கொடுக்க நிற்கிறது. இன்றைக்கு எழுதும் பாட்டில் இதைப் போட்டால் வேடம் கட்டியது போலிருக்கும். சொல்லை மாற்றுவதே நல்லது.

அறிகுறி: எத்தனை திருத்தியும் மாமுன் நேர், விளமுன் நிரை வந்துகொண்டே இருக்கிறது

இது பிழை இல்லாமலும் இருக்கலாம். உங்கள் பொருளும் சொல்லும் அகவலை (ஆசிரியப்பாவை) கேட்கின்றன. மாமுன் நேரும் விளமுன் நிரையும் ஆசிரியத்தளை. அகவலின் இயல்பான நடை. நாற்சீர் அடி, குறைந்தது மூன்றடி, ஏகாரத்தில் முடிவு. ஈற்றயலடி மட்டும் மூன்று சீர் என்றால் நேரிசை ஆசிரியப்பா. எல்லா அடியும் நாற்சீர் என்றால் நிலைமண்டிலம். வெண்டளையும் ஊடே கலந்து வரலாம். ஒருவர் கதை சொல்கிறார், வழி சொல்கிறார், முறையிடுகிறார் என்றால் அகவலே வசதி. வெண்பா இறுக்கிக் கட்டிய பொட்டலம். நாலடிக்குள் ஒரு திருப்பம் இல்லாத பொருளை அதில் திணித்தால் முட்டுச்சொற்கள்தான் பெருகும்.

அறிகுறி: விருத்தத்தில் ஓர் அடி மட்டும் சுருங்குகிறது

விருத்தத்தில் தளையைத் தேடாதீர்கள். அங்கே முதலடியின் வாய்பாடுதான் சட்டம். மற்ற மூன்றடியும் சீருக்குச் சீர் அதைப் பின்பற்ற வேண்டும், நாலடிக்கும் ஒரே எதுகை. மா மா காய் மா மா காய் என்ற அறுசீர் அமைப்பில் இரண்டு அடிகள்:

பள்ளி முடிந்து வருவோர்க்குப் பனிக்கூழ் விற்கும் வண்டியொன்று
துள்ளி ஓடும் சிறுவர்கள் தொடரும் மணியின் ஒலியில்

இரண்டாவது அடி கடைசியில் குறைந்து நிற்கிறது: ‘ஒலியில்’ புளிமா, அங்கே காய் வேண்டும். ‘ஒலிகேட்டு’ என்றால் புளிமாங்காய், அடி நிரம்பிவிட்டது. தேமாவுக்குப் புளிமா மாற்றாக வரலாம். மாவுக்குக் காய் மாற்றாகாது. மோனை 1, 4 ஆம் சீர்களில் விழுவதையும் (பள்ளி–பனிக்கூழ், துள்ளி–தொடரும்) பார்த்துக்கொள்ளுங்கள். அறுசீரின் நடு மடிப்பு அங்கேதான்.

அறிகுறி: கட்டளைக் கலித்துறையில் எழுத்துக் கணக்கு இடிக்கிறது

ஒற்றை நீக்கி எண்ணினால் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையில் தொடங்கும் அடிக்கு 17. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை இந்த யாப்பிலேயே இலக்கணம் சொல்வது. 15 அல்லது 18 வருகிறது என்றால் எழுத்தைக் கூட்டிக் குறைக்க உட்காராதீர்கள். எழுத்தெண்ணிக்கை வெறும் வெப்பமானி. காய்ச்சல் வேறிடத்தில்: ஐந்து சீருக்குள் எங்கோ வெண்டளை தவறியிருக்கும், அல்லது ஐந்தாம் சீர் விளங்காயாக இருக்காது.

மாலைப் பொழுதில் மழையில் நனைந்த மணல்வெளியே

மாலை 2, பொழுதில் 3, மழையில் 3, நனைந்த 3, மணல்வெளியே 5. மொத்தம் 16, நேரில் தொடக்கம். மணல்/வெளி/யே கருவிளங்காய். இதில் ‘மணல்வெளியே’யை ‘மணற்பரப்பே’ ஆக்கிப் பாருங்கள்: மணற்/பரப்/பே, அதுவும் கருவிளங்காய், எண்ணிக்கை மாறாது. ‘மணல்மேட்டிலே’ என்று போட்டால் மணல்/மேட்/டிலே, புளிமாங்கனி. எழுத்தை எண்ணினால் அதே 16! ஆகவே எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்பதற்காக அலகிடாமல் விட்டுவிடாதீர்கள்.